மூணாவது தொட்டி

லோகநாதன் குடியை நிறுத்தியது தோசைக்கல்லின் மேல் சத்தியம் பண்ணி. சூடம் கொளுத்தி அணைத்துச் சத்தியம் பண்ணுவதுதான் வியாசர்பாடியில் வழக்கம். கெங்கம்மா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"சூடத்ததான் போன வருசம் அணைச்ச. அதுக்கு முந்தின வருசமும் அணைச்ச. அது அணையறதுக்குன்னே பொறந்தது. இது மேல வெச்சி சொல்லு" என்று அடுப்பிலிருந்து கல்லை இறக்கி அவன் முன்னால் வைத்தாள்.

காய்ந்த கல். லோகநாதன் உள்ளங்கையை அதற்கு ஒரு முழம் மேலே பிடித்துக்கொண்டு, "இனி இந்த வாய்ல ஒரு சொட்டு வெச்சா, இந்தக் கல்லு சூடேறாம பூடட்டும்" என்றான்.

லேசான சத்தியம் இல்லை. குடும்பம் மொத்தமும் அந்தக் கல்லின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. ஹவுசிங் போர்டு குடியிருப்பின் தெருமுனையில், ஒயின்ஷாப்புக்கு நேர் எதிரே, கெங்கம்மாவின் தள்ளுவண்டி. சாயங்காலமானால் ஈரல், குடல், நெத்திலி, முட்டை என்று கல்லில் விழுந்துகொண்டே இருக்கும். மிளகும் கறிவேப்பிலையும் சேர்ந்து அவள் ஈரலைப் புரட்டுகிற வாசனைக்கு, குடிப்பழக்கமே இல்லாதவர்கள் வந்து நின்று, வறுவலை மட்டும் வாங்கித் தின்ன வெட்கப்பட்டு, மரியாதைக்கு ஒரு பீர் வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டிருந்ததுண்டு. அப்படிக் குடிகாரர்களாகிப்போன நல்லவர்கள் நாலைந்து பேர் இன்னமும் அந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

"ஊர்ல அத்தினி பேருக்கும் தொட்டுக்க குடுக்கறவ, கட்ன புருசன் ஒரு கிளாஸ் எடுத்தா மட்டும் கரண்டியத் தூக்கறியே, இது இன்னா நாயம்மே?" என்று லோகநாதன் ஒருதரம் கேட்டுப் பார்த்தான்.

"அவன்லாம் எனுக்கு கஸ்டமரு. நீ புருசன். கஸ்டமரு கம்பத்தோட சண்ட போட்டா எனுக்கு இன்னா?"

கம்பத்தோடு சண்டை போட்டது உண்மைதான். போன பொங்கலன்று, தெருவிளக்குக் கம்பம் தன்னை முறைப்பதாக லோகநாதனுக்குத் தோன்றியது. பாக்சிங் பேட்டையில் பிறந்தவன், முறைத்தால் விட்டுவிட்டுப் போக முடியாது. மூன்று ரவுண்டு நடந்தது. முதல் ரவுண்டு லோகநாதனுக்கு. அடுத்த இரண்டும் கம்பத்துக்கு. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பாக்சிங் மாஸ்டர் ராசையா நியாயமான மனுஷன். சொந்தத் தெருக்காரன் என்றும் பார்க்காமல், புள்ளிக் கணக்கில் கம்பம்தான் ஜெயித்தது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கம்பத்தில் விளக்கு முன்னைவிடப் பளிச்சென்று எரிகிறது.

மறுநாள் காலையில் கெங்கம்மா தோசைக்கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு, அத்திப்பட்டில் இருக்கும் தம்பி அறிவு வீட்டுக்குப் போய்விட்டாள். தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாமல் ஒயின்ஷாப் வியாபாரம் படுத்தது. கடைசியில் கடைக்காரர்களே ஆள் அனுப்பிக் கெஞ்சினார்கள். திரும்பி வந்தவள் போட்ட நிபந்தனைதான் இந்தச் சத்தியம்.

"இன்னொரு தபா குட்சேன்னு தெரிஞ்சிச்சி, கல்லோட பூடுவேன். அப்பால நீ வந்து கைய புட்ச்சி இஸ்தாலும் வரமாட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். லோகநாதனுக்கு அது தெரியும். ஐம்பது வயதுக்குமேல் தனியாக உட்கார்ந்து அடுத்தவன் கைச்சோறு தின்கிற வாழ்க்கையை நினைத்துப் பார்த்தான். அவள் ஈரலை நினைத்துப் பார்த்தான். குடியை விட்டான்.

சுனாமி வந்து போன மறு வருஷம் அது. சத்தியம் பண்ணிய கையோடு அவனுக்கு வேலையும் கிடைத்தது. திருவொற்றியூரைத் தாண்டி, எண்ணூர் நெடுஞ்சாலையில், கன்டெய்னர் யார்டுகளுக்கு நடுவே ஒரு கம்பெனி செடி வளர்த்துக்கொண்டிருந்தது. இரண்டு கதவு, இரண்டு பூட்டு, ஈ நுழையாத வலை போட்ட நீளமான கூடாரம். வேலைக்காரர்கள் அதை வலைக்கொட்டாய் என்பார்கள். வாசலில் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே சிமெண்டில் கட்டிய மூன்று நீளத் தொட்டிகள். மூன்றிலும் தக்காளி.

அதற்கெல்லாம் அதிகாரி ரெஜினா. கல்மண்டபத்தில் மளிகை மொத்தக்கடை வைத்திருக்கும் தூத்துக்குடி யேசுதாஸ் அண்ணாச்சியின் மகள். வெளிநாடு போய்ச் செடிப்படிப்புப் படித்துவிட்டு டாக்டர் பட்டத்தோடு வந்தவள். டாக்டர் என்று பெயருக்கு முன்னால் இருந்ததால் பக்கத்து யார்டு ஆட்கள் முதுகுவலிக்கு மாத்திரை கேட்டு வருவார்கள். முதலில் விளக்கம் சொல்லிப் பார்த்தாள். பிறகு கைப்பையில் மாத்திரை வாங்கி வைத்துக்கொண்டாள்.

சேர்ந்த அன்றைக்கே லோகநாதனுக்கு வேலையைச் சொல்லிக் கொடுத்தாள்.

"இந்த ஊருல காத்துதாண்ணே எதிரி. தக்காளி உசரமா வளந்து காய் பிடிக்கிற நேரத்துல ஒரு புயல் வந்தா எல்லாம் சாஞ்சு போயிரும்லா? அதுக்குத்தான் இது. புயல் வருதுன்னு ரேடியோல சொன்னதும் வெவசாயி வேருல ஒரு மருந்த ஊத்துவாரு. செடி உசரம் போறத நிறுத்திட்டு, பக்கத்துல கிளை விட்டு, தரையோட குத்தவச்சிரும். காத்து மேலால போயிரும்."

"சொன்னா குந்திக்குமா?"

"குந்திக்கும். அதுக்குள்ள ஒரு சுவிட்ச் மாட்டிருக்கோம். ஒரு பூஞ்சாளத்தோட உடம்புலேர்ந்து கழட்டினது. மருந்து பட்டா சுவிட்ச் விழும். மருந்து இல்லன்னா செடி பாட்டுக்கு வளரும்."

லோகநாதன் செடியை மேலும் கீழும் பார்த்தான். சுவிட்ச் எதுவும் தட்டுப்படவில்லை.

"செடிக்கு சொல்லி குந்த வெக்கிறீங்கோ. எங்க தெருவுல மன்சனையே குந்த வெக்க முடில டாக்டரம்மா."

முதல் தொட்டியில் இருந்தது சாதாரணத் தக்காளி. இரண்டாவதில் சுவிட்ச் மாட்டிய செடி, அதற்கு மருந்து உண்டு. மூன்றாவதிலும் சுவிட்ச் மாட்டிய செடிதான், ஆனால் மருந்து கிடையாது, வெறும் தண்ணீர். மூன்றாவது உயரமாக வளர வேண்டும், இரண்டாவது குந்த வேண்டும். அப்போதுதான் சுவிட்ச் வேலை செய்கிறது என்று அர்த்தம். மருந்தை ரெஜினா யார் கையிலும் கொடுக்க மாட்டாள். பெரிய கண்ணாடி ஜாடியில் மண்டையோடு வரைந்து ஒட்டி, அலமாரியில் பூட்டி வைத்திருந்தாள். "கிட்ட வராதீங்க, மூக்கு வெந்துரும்" என்று சொல்லி, தானே தண்ணீரில் கலந்து, காலையில் அவன் வருமுன்னே ஊற்றிவிடுவாள்.

லோகநாதனுக்கு மற்றதெல்லாம். கடல் காற்றில் வந்து இலைமேல் படிகிற உப்பையும் லாரிப் புழுதியையும் ஈரத்துணியால் துடைப்பான். தண்டைக் கயிற்றில் கட்டுவான். தண்ணீர் விடுவான். இலையைத் துடைத்த விரலில் ஏறும் தக்காளி வாசனை சோப்புப் போட்டாலும் போகாது. மதியம் கெங்கம்மா கட்டிக்கொடுத்த சோறும் கருவாட்டுக் குழம்பும். நாலு மணிக்கு வாசலில் டீ. அதுவரை எல்லாம் சரியாக இருந்தது.

நாக்கு சத்தியத்தை மதித்தது. காலுக்குத்தான் அது புரியவில்லை. நாலு மணி டீ முடிந்ததும் அது எழுந்து கடைப் பக்கம் நடந்தது. அதற்கு மேலே இருக்கிறவன் கூடவே போயாக வேண்டியிருந்தது. புது இடம், புது ரோடு. இருந்தாலும் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது நாளே கால் பக்கத்து ஒயின்ஷாப்பைக் கண்டுபிடித்துவிட்டது. கால் போனால் கை சட்டைப்பையில் நுழையும். நுழைந்தால் குவாட்டர் வந்துவிடும். குவாட்டரை இடுப்பில் செருகிக்கொண்டு வலைக்கொட்டாய்க்குத் திரும்பியவன், உயிர் போகிறவனைப் போல மூன்றாவது தொட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தான்.

அங்கே முனீஸ்வரன் இருந்தார்.

இடுப்பளவு கருங்கல். கொட்டாய் கட்டும்போது அதைப் பெயர்க்க ஜேசிபி வந்தது, ஜேசிபிக்குப் பல் உடைந்தது. இரண்டாவது ஜேசிபி வந்தது, டிரைவருக்குப் பல் உடைந்தது. மூன்றாவது வண்டிக்காரன் விஷயம் கேள்விப்பட்டு ரோட்டிலிருந்தே கும்பிட்டுவிட்டுப் போனான். கம்பெனியும் அதற்குமேல் வற்புறுத்தாமல், கல்லை உள்ளே வைத்தே வலை கட்டிவிட்டது. யாரோ மஞ்சள் பூசினார்கள். யாரோ குங்குமம் வைத்தார்கள். மற்றது தானாக நடந்தது. கல்லின் காலடியிலிருந்து மூன்றாவது தொட்டிக்கு ஒரு சிறிய வாய்க்கால் போனது.

லோகநாதன் குவாட்டரை எடுத்து முனீஸ்வரன் முன்னால் வைத்தான்.

"தோ பாரு நைனா. காலத் தடுக்க முடில. கையயும் தடுக்க முடில. வாய் ஒண்ணுதான் மிச்சம். அத்த நீ பாத்துக்க. இனிமே என் பங்க நீ குடி. நான் பாத்துக்கினு குந்தியிருக்கேன்."

முனீஸ்வரன் மறுப்பு சொல்லவில்லை. சாராயமும் சுருட்டும் அவருக்குப் பழக்கமில்லாததும் அல்ல. ஆனால் மூடியைத் திருகிய பிறகு லோகநாதனுக்கு ஒரு யோசனை வந்தது. தினமும் ராவாக அடித்தால் சாமியாகவே இருந்தாலும் ஈரல் என்னத்துக்கு ஆகும்? தன் விஷயத்தில் என்றைக்கும் வராத அக்கறை அது. ஒரு பக்கெட் தண்ணீர் பிடித்து, குவாட்டரை அதில் கவிழ்த்து, கையால் கலக்கி, முனீஸ்வரன் தலையில் பொறுமையாக ஊற்றினான். தண்ணீர் மஞ்சளைக் கரைத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கி ஓடியது. அவ்வளவுதான். கால் அமைதியாகிவிட்டது. வீட்டுக்குப் போகலாம் என்றது.

அன்றிலிருந்து தினமும் அதே கதை. சித்திரை போய் ஆடி வந்தது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வண்டியில் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவன் பக்கத்தில் கெங்கம்மா வந்து மூக்கை உறிஞ்சினாள். குடிகாரர்களுக்கு இருபது வருஷம் பரிமாறிய மூக்கு. குடித்தவன் தெருமுனையில் திரும்பும்போதே என்ன குடித்தான், யார் செலவில் குடித்தான் என்று சொல்லிவிடும்.

"வாய ஊது."

ஊதினான். டீயும் பன்னும்தான் வந்தது. அவள் முகத்தில் குழப்பம்.

"கையக் காட்டு."

நீட்டினான். முகர்ந்தாள். வெங்காயத்துக்கு அடியில், தக்காளி இலைக்கும் அடியில், பிராந்தி.

"வாய்ல இல்ல. கைல கீது. இன்னாயா, கையால குடிக்கிறியா?"

சாமிக்கு ஊற்றுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தினமும் ஒயின்ஷாப்புக்குப் போய் குவாட்டர் வாங்குகிறவன் அதைக் குடிப்பதில்லை என்று சொன்னால், அவனே கேட்டாலும் நம்பமாட்டான். லோகநாதன் வாயில் வந்ததைச் சொன்னான்.

"செடிக்கு மருந்து ஊத்தறோம்ல, அந்த வாசன."

"பிராந்தி வாசன அடிக்கிற மருந்தா?"

"வெளிநாட்டு மருந்துமே."

அவள் ஈரலைப் புரட்டினாள். அன்று அவள் புரட்டிய வேகத்தில் ஒரு துண்டு பறந்து எதிர்க் கடை ஷட்டரில் ஒட்டியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மதியம் அறிவு வந்தான். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றும் டிரைலர் ஓட்டுகிறவன். புத்த மார்க்கத்துக்குப் போனவன், குடி கிடையாது, சாமி கிடையாது, பொய் கிடையாது. மூன்றாவதுதான் ஆபத்து. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் வரிசை அந்தக் காலத்தில் நாள்கணக்கில் நகராமல் நிற்கும். ஒரு கிளீனர் வரிசையில் நிற்கும்போது இறங்கிப் போய், பெண் பார்த்து, நிச்சயம் முடித்து, பந்தியில் சாப்பிட்டுவிட்டு, தாம்பூலப் பையோடு வந்து அதே இடத்தில் நின்ற அதே வண்டியில் ஏறினான். அப்படி நிற்கிறவன் கண்ணுக்கு ரோட்டில் நடக்கிற எதுவும் தப்பாது.

கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டு அறிவு சொன்னான், "மாமா, ஒண்ணு சொன்னா கோச்சிக்காத. வண்டி நிக்கசொல்ல பாத்தேன். நாலு மணிக்கு கடைக்குப் போற. இடுப்புல சொருவினு வர. ஒரு தபா இல்ல, நான் நிக்கிற அன்னிக்கெல்லாம் பாக்கறேன்."

கெங்கம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. லோகநாதன் சோற்றைப் பிசைந்தான். பிசைந்துகொண்டே இருந்தான்.

"மருந்துன்னியே?" என்றாள்.

"மருந்துதாம்மே."

"சரி. நாளைக்கி நான் வரேன். டாக்டரம்மாவயே கேக்கறேன், அவுங்க மருந்து பிராந்தி வாசன அடிக்குமான்னு. இல்லன்னு சொல்லட்டும், அங்கேருந்தே அத்திப்பட்டு. டேய் அறிவு, வண்டியில கல்லுக்கு எடம் கீதா?"

"நாப்பது அடி கன்டெய்னரு ஏத்தற வண்டி அது, அக்கா. ஒன் கல்லுக்கா எடம் இருக்காது?"

திங்கள்கிழமை காலையில் லோகநாதன் வலைக்கொட்டாய்க்குள் நுழையும்போது ரெஜினா மூன்றாவது தொட்டியின் ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"பாருங்கண்ணே இத. உசரமா போயிருக்கணும். குத்தவச்சிக் கெடக்கு."

உண்மைதான். தினமும் இலை துடைக்கிறவன் என்றாலும் லோகநாதன் அதைத் தப்பாக நினைக்கவில்லை. செடி நன்றாகத் தடித்து, கிளைவிட்டு, கொழுகொழுவென்றுதானே இருக்கிறது, முனீஸ்வரன் புண்ணியம் என்று நினைத்திருந்தான். கல்லுக்குப் பக்கத்தில் இருந்த முதல் செடி முழங்கால் உயரம்கூட இல்லை. ஆனால் அகலத்தில் ராசையா மாஸ்டரின் இடுப்பு அளவு இருந்தது.

"மருந்தே ஊத்தாம சுவிட்ச் தானா விழுதுன்னா அது சுவிட்சே இல்ல. இந்த வாரம் பெங்களூர்லேர்ந்து பெரியவங்க வாராங்க. இதப் பாத்தா கொட்டாயையே மூடிருவாங்க. எனக்கு ரெண்டு வருசம் போச்சு, உங்களுக்கு வேல போச்சு." மூக்கை உறிஞ்சினாள். "நெசத்தச் சொல்லுங்கண்ணே. தெரியாம மருந்த இதுல ஊத்திட்டீங்களா?"

"தாயி மேல ஆணையா நான் அந்த மண்டையோட்டத் தொட்டதில்ல டாக்டரம்மா."

வெளியே டிரைலரின் ஹாரன் கேட்டது. வரிசையிலிருந்து வண்டியை ஓரங்கட்டிவிட்டு அறிவு வந்தான். முன்னால் கெங்கம்மா. தலைவாரி, புதுப்புடவை கட்டி, கையில் கூடையோடு வந்தாள். காலை மருந்துத் தண்ணீரில் நனைத்துவிட்டு நேராக ரெஜினாவிடம் போனாள்.

"டாக்டரம்மா, நான் இவுரு சம்சாரம். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். நீங்கோ செடிக்கு ஊத்தற மருந்து பிராந்தி வாசன அடிக்குமா?"

ரெஜினாவின் முகம் வெளுத்தது. "ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"தோ, இந்தாளு."

ரெஜினா மெதுவாகத் திரும்பினாள். "அலமாரியத் தொறந்தீங்களாண்ணே?"

"அய்யோ, இல்லீங்கம்மா! நான் சும்மா வாய்க்கு வந்தத சொன்னேன்!"

"அப்ப அது சாராயம்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

வலையில் காற்று மட்டும் விம்மி விம்மி அடங்கியது.

"இன்னாது?" என்றான் லோகநாதன்.

ரெஜினாவுக்கு இனி மறைத்துப் பயனில்லை என்று பட்டது. சொன்னாள். அந்தப் பூஞ்சாளம் சாராயத்தைத் தின்று வாழ்கிற ஜாதி. சாராயம் கிட்டே வந்தால்தான் அதன் சுவிட்ச் விழும். அதைக் கழற்றித்தான் செடிக்கு மாட்டியிருக்கிறது. அதனால் செடிக்கு மருந்தும் சாராயம்தான். "சுத்தமான ஸ்பிரிட்டு. பக்கெட் தண்ணிக்கு ஒரு சின்ன டம்ளர். ஒங்களுக்கு முன்னால இருந்த ரெண்டு பேரு ஜாடியோட குடிச்சு முடிச்சிட்டாங்க. நீங்க வேற சேந்த அன்னிக்கே சொன்னீங்க, குடிய விட்டுட்டேன், சம்சாரத்துக்குச் சத்தியம் பண்ணிருக்கேன்னு. பக்கத்துலயே வச்சிக்கிட்டு ஒங்க மனச எதுக்குக் கெடுக்கணும்னுதான் மண்டையோடு வரஞ்சேன்."

"அதான் கைல வாசன!" என்றாள் கெங்கம்மா. "அலமாரியத் தொறந்து குட்சிகீற!"

"அலமாரி எதுக்குக்கா?" என்றான் அறிவு. பொய் சொல்லாதவன். "கடைலதான் தெனம் வாங்கறாரே."

"வாங்கி?" என்றாள் கெங்கம்மா.

லோகநாதன் சுற்றிலும் பார்த்தான். ஒரு பக்கம் வேலை. ஒரு பக்கம் பெண்டாட்டி. மூன்றாவது பக்கம் அறிவு கதவை மறைத்துக்கொண்டு நின்றான். வழி இருந்த ஒரே திசையில் கையை நீட்டினான்.

"அவுரு குட்சாரு."

மூன்று பேரும் கல்லைப் பார்த்தார்கள்.

"கல்லு குடிக்குமா மாமா?" என்றான் அறிவு. "உடான்ஸ் வுடறதுக்கும் ஒரு அளவு கீது."

"மெய்யாலுமேடா! கால் நிக்க மாட்டேங்குது, கடைக்குப் பூடுது, நான் இன்னா பண்ணட்டும்? வாங்கினு வந்து அவுரு தலைல ஊத்திட்டு வூட்டுக்கு வந்துடறேன். ராவா கூட ஊத்தலடா. பாவமேன்னு ஒரு பக்கெட்டு தண்ணில கலந்து…"

"ஒரு பக்கெட்டா?" என்றாள் ரெஜினா. அவள் குரல் மாறியிருந்தது. "எந்த பக்கெட்? இதா? ஒரு பக்கெட்டுக்கு ஒரு குவாட்டரா?"

அவள் கண் கல்லின் தலையிலிருந்து காலுக்கு இறங்கியது. காலிலிருந்து வாய்க்காலுக்குப் போனது. வாய்க்காலிலிருந்து மூன்றாவது தொட்டிக்குப் போனது. சட்டென்று மண்டியிட்டு, கல்லடியில் ஈர மண்ணை ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள். பிறகு அதைக் கெங்கம்மாவிடம் நீட்டினாள்.

இருபது வருஷ மூக்கு குனிந்தது. "விலை கம்மி சரக்கு" என்றது.

ரெஜினா சிரிக்க ஆரம்பித்தாள். மண் கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "சுவிட்ச் கெடலண்ணே! சுவிட்ச் நல்லாருக்கு! நான் அளந்து ஊத்துன அதே அளவ நீங்க கண்ணால பாத்து ஊத்திருக்கீங்க!"

கெங்கம்மா சிரிக்கவில்லை. தொட்டியின் ஓரமாக நடந்தாள். கல்லுக்குப் பக்கத்தில் இருந்த செடிகள் குள்ளமாக, புதர் மாதிரி உட்கார்ந்திருந்தன. தள்ளித் தள்ளிப் போகப் போக உயரம் ஏறியது. வாய்க்கால் தண்ணீர் எட்டாத கடைசிச் செடி மட்டும் கயிற்றைத் தாண்டி வளர்ந்து, தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. குடிக்காதது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அவளுக்குத் தெரிந்த மாதிரிதான் இருந்தன. கடைக்கு எதிரே சாயங்காலம் பார்க்கிற வரிசை. பாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறவன் எழுந்திருக்க மாட்டான், ஓரத்தில் இருக்கிறவன் நிமிர்ந்து நிற்பான்.

திரும்பி வந்து ரெஜினா முன்னால் நின்றாள்.

"இந்தாளு பாதி குட்சிட்டு பாதி ஊத்தியிருந்தா?"

ரெஜினா ஒரு கணம் லோகநாதனைப் பார்த்தாள். இரண்டாவது தொட்டியையும் மூன்றாவது தொட்டியையும் பார்த்தாள். "கல்லுப் பக்கத்துச் செடியும் ரெண்டாவது தொட்டியும் ஒரே அளவு குத்தவச்சிருக்குக்கா. அண்ணன் ஒரு வாய் கொறச்சிருந்தாக்கூட இந்த அளவுக்கு வந்திருக்காது" என்றாள். அவ்வளவு உறுதியாகச் சொல்லச் செடிப்படிப்பில் இடமுண்டா என்று கேட்டால், அது கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும். ரெஜினா திருப்பிக்கொள்ளவில்லை.

"ஒரு சொட்டு?" என்று கெங்கம்மா புருஷனைக் கேட்டாள்.

"மொத நாளு மூடிய மோந்து பாத்தேன்" என்றான் லோகநாதன். "அவ்ளோதான்."

கெங்கம்மா அவனையே பார்த்தாள். ஆடி மாதத்துக் கடல் காற்று வலையில் புகுந்து எல்லாச் செடிகளையும் ஆட்டிப் பார்த்தது. கடைசிச் செடி கயிற்றோடு சாய்ந்து நிமிர்ந்தது. குந்தியிருந்தவை அசையவே இல்லை.

அவள் வாய் திறந்தாள். குரலில் கோபம் இருந்தது. ஆனால் அது வேறு கோபம்.

"தெனம் ஒரு குவாட்டரு ஊத்தியே. தொட்டுக்க இன்னா வெச்ச?"

லோகநாதன் முழித்தான்.

"சாமிக்குயா! தொட்டுக்க இன்னா குட்த்த?"

"ஒண்ணியும்…"

"ஒண்ணியும் இல்லியா? சித்திரைலேந்து வெறும் வயித்துலயா ஊத்தன?" கெங்கம்மா தலையில் கை வைத்தாள். "அறிவுகெட்ட ஆளே! ஈரலு வெந்து பூடாதா அவுருக்கு? ஊருக்கெல்லாம் வறுத்துக் கொட்றவ நான். என் புருசன் சாமியக் கூட்டாளியா சேத்துக்கினு, ஒரு துண்டு கருவாடு வெக்கலன்னு தெரிஞ்சா பேட்டைல என்னிய மதிப்பானா?"

சண்டைக்கு வந்தவள்தான். ஆனால் சண்டைக்கு வந்தாலும் அவன் மதியச் சோற்றை விட்டுவிட்டு வருகிற பழக்கம் அவளுக்கு இல்லை. கூடையைத் திறந்தாள். தூக்குச்சட்டியில் சோறு. வாழை இலையில் மடித்த ஈரல் வறுவல். இலையைப் பிரித்ததும் மிளகு வாசனை எழுந்து, பிராந்தி வாசனையை ஓரம் தள்ளிவிட்டுக் கொட்டாயை நிறைத்தது.

"உள்ள வச்சி சாப்பிடக் கூடாது…" என்று ரெஜினா சட்டத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். எச்சில் ஊறியதில் பாதியில் நின்றுவிட்டது.

"நீங்கோ கைய கழுவிட்டு வாம்மா" என்றாள் கெங்கம்மா. "இந்தா, அந்தக் கோடி செடிகிட்ட போயி குந்தலாம். அது ஒண்ணுதான் தெளிவா கீது."

முதல் துண்டை எடுத்து, இலைக் கிழிசலில் வைத்து, முனீஸ்வரன் காலடியில் வைத்தாள். இரண்டாவது துண்டை லோகநாதன் வாயில் வைத்தாள். கன்னத்தில் ஒரு இடியும் வைத்தாள். அது பலமான இடிதான், ஆனால் கம்பம் கொடுத்த அளவுக்கு இல்லை.

பெரியவர்களிடம் ரெஜினா என்ன சொன்னாள் என்பது அவளுக்கும் அவர்களுக்கும் உள்ள விஷயம். முனீஸ்வரன் பெயரைச் சொல்லவில்லை, வாய்க்காலில் கசிவு என்று மட்டும் சொன்னாள். அதில் பொய் இல்லை. வாய்க்காலை வெளிப்பக்கம் திருப்பிவிட்டு, மூன்றாவது தொட்டியில் புதிதாக நாற்று வைத்தார்கள். இரண்டாவது தொட்டிக்கு மருந்து ஊற்றுகிற நேரத்தைக் காலையிலிருந்து சாயங்காலத்துக்கு ரெஜினா மாற்றினாள். நாலு மணி டீ முடிந்து லோகநாதனின் கால் எழுந்திருக்கும்போது, அவள் அலமாரிப் பூட்டைத் திறப்பாள். சத்தம் கேட்டதும் கால் திரும்பிவிடும். பக்கெட்டில் கலந்து, அளந்து, செடிக்கு ஊற்றிவிட்டு அமைதியாக வீட்டுக்குப் போகும். பாவம், கால்தானே, யாருக்கு ஊற்றுகிறோம் என்பதா அதற்கு முக்கியம்?

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு நால்வரும் கடைசிச் செடியடியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அறிவு மட்டும் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். காக்காய் நுழைய முடியாத வலை. எலி வர முடியாத சிமெண்ட். எறும்பு வராத மருந்துத் தண்ணீர். இலையில் அந்த ஒரு துண்டு ஈரல் அப்படியே இருந்தது.

"நான் ஒண்ணு கேக்கறேன்கா" என்றான். "கல்லு துன்னுமா?"

கெங்கம்மா அவன் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள்.

"சித்திரைலேந்து தெனம் ஒரு குவாட்டர் அடிச்சவரு, துன்ன மாட்டாராடா?"

அறிவு சிரித்துக்கொண்டே குனிந்து ஒரு வாய் எடுத்தான். நிமிர்ந்து பார்க்கும்போது கல்லடியில் இலை காலியாக இருந்தது.